பேனாவில் எழுதாத இரண்டு எண்கள்

பச்சை லேசர் வைத்திருக்கும் தூத்துக்குடி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பனிமய மாதா கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் கடற்கரைச் சாலையில் மாலை நடைக்குப் போனால் உங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். இருட்டத் தொடங்கியதும் எங்கிருந்தோ ஒரு பச்சைக் கோடு கிளம்பும். கட்டிக்கிடக்கும் விசைப்படகின் மேல் ஏறும், எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியில் இறங்கும், ஒரு தெருநாயைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும். "சார், இது அஞ்சு கிலோமீட்டர் போகும் சார்" என்று போன வருடம் ஒருவன் என் கையிலேயே கொடுத்துக் காட்டினான். ஐந்து கிலோமீட்டர் என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு. நான் சொல்ல வந்தது வேறு கணக்கு.

பயப்படாதீர்கள், பறிமுதல் செய்ய எழுதவில்லை. முப்பது வருடம் பள்ளியில் ஒளியியல் நடத்தியவன் நான். என் காலத்தில் இப்படி ஒரு பொருள் கைக்குக் கிடைத்திருந்தால் நானும் நாயைத்தான் ஓடவிட்டிருப்பேன். ஆனால் அந்த லேசர் பேனாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 532 நானோமீட்டர் என்று ஓர் எண் இருக்கும். உள்ளே உருவாகும் ஒளியில் அது ஒரு பகுதிதான். இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அவை 808, 1064. இரண்டும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாதவை. சீட்டில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு பச்சை லேசரைத்தான் வகுப்பில் சுட்டுகோலாக வைத்திருந்தேன். ஓர் ஏப்ரல் மதியம், தகரக் கூரை போட்ட அறையில் சிறப்பு வகுப்பு. பச்சை மங்கிவிட்டது. பேட்டரி மாற்றினேன், அப்படியே இருந்தது. மங்கிய வெளிச்சம்தானே என்று ஒரு மாணவனின் உள்ளங்கையில் அடித்து, "பார், இப்போ இதுக்குச் சக்தியே இல்லை" என்று சொன்னேன். அவன் குனிந்து அருகில் வைத்துப் பார்த்தான். பல மாதம் கழித்து அதே பேனாவைச் சோதித்தபோதுதான், அன்றைக்கு நான் எவ்வளவு தப்பாகப் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை.

பேனாவுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பொத்தானை அமுக்கினால் முதலில் எரிவது ஓர் அகச்சிவப்பு டயோடு. 808 நானோமீட்டர். ஐந்து மில்லிவாட் பச்சை வெளியே வர, இந்த டயோடு பொதுவாக நூறு மில்லிவாட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒளி கல்உப்பு அளவுகூட இல்லாத ஒரு படிகத்துக்குள் போகிறது. அது இட்ரியம் வனடேட் படிகம். அதில் நூறு இட்ரியம் அணுவுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் நியோடிமியம் கலந்திருக்கும். வேலை செய்வது அந்த ஒன்றிரண்டுதான். நியோடிமியம் 808-ஐ வாங்கிக்கொண்டு மேல் மட்டத்துக்கு ஏறும், அங்கிருந்து கொஞ்சம் சறுக்கும், பிறகு 1064 நானோமீட்டர் ஒளியை விட்டு இறங்கும். வாங்கிய ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கு இந்த ஏற்ற இறக்கத்தில் வெப்பமாகிவிடும். இதுவரை பச்சை என்று எதுவும் இல்லை. இதற்கடுத்து ஒட்டவைத்திருக்கும் இரண்டாவது படிகத்தின் பெயர் சுருக்கமாகக் கேடிபி, அதாவது பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட். அதில்தான் 1064-இன் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து 532-இன் ஒரே ஃபோட்டான் ஆகின்றன. அலைநீளம் பாதி, அதிர்வெண் இரட்டிப்பு. அதுதான் நீங்கள் பார்க்கும் பச்சை.

ஒன்றோடு ஒன்று சேர்ந்து இரட்டிப்பாவதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை, திருச்செந்தூர் கடற்கரைக்குப் போங்கள். ஆழ்கடலில் அலை மென்மையாக, வட்டமாக உருண்டு வரும். மேடும் பள்ளமும் ஒரே அளவு. கரையை நெருங்கி, தரை தட்டத் தொடங்கியதும் அதன் உருவம் மாறுகிறது. உச்சி கூர்மையாகும், பள்ளம் அகலமாகும். உச்சியும் பள்ளமும் ஆழம் குறைந்த தண்ணீரில் ஒரே வேகத்தில் போக முடியாததால் வரும் கோணல் அது. அந்தக் கோணலைக் கணக்குப் போட்டுப் பிரித்தால், பழைய அலையோடு இரட்டை அதிர்வெண் கொண்ட இன்னொரு அலையும் உள்ளே இருக்கும். கேடிபி படிகம் ஒளிக்கு அப்படி ஓர் ஆழம் குறைந்த கரை. வலுவான ஒளி அதற்குள் போகும்போது அலை கோணுகிறது. ஒளி எவ்வளவு வலுவோ, கோணல் அதன் வர்க்கத்தில் கூடும். அதனால்தான் அந்த 1064-ஐ இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வலுவேற்றுகிறார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. படிகத்தின் முன்பக்கம் பிறந்த பச்சையும் பின்பக்கம் பிறந்த பச்சையும் ஒரே அடியில் நடக்க வேண்டும். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வலை வரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் இருபது பேர் இழுத்தும் வலை நகராது. 1064-உம் 532-உம் படிகத்துக்குள் ஒத்த வேகத்தில் போகும் ஒரு திசையைத் தேடி, அந்தக் கோணத்தில்தான் கேடிபியை வெட்டுகிறார்கள்.

இனி அந்த நியோடிமியத்தின் பூர்வீகம். 1885-இல் வியன்னாவில் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர், அதுவரை ஒரே தனிமம் என்று நம்பியிருந்த டிடிமியத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பசிய இரட்டை என்ற பொருளில் பிரசியோடிமியம் என்றும், மற்றதற்குப் புதிய இரட்டை என்ற பொருளில் நியோடிமியம் என்றும் பெயர். வேடிக்கை என்னவென்றால், உங்கள் பேனாவில் பச்சைக்கு வழி செய்வது பசிய இரட்டை அல்ல, மற்றது. அதே அவுவர்தான் விளக்குக்கு மாண்டில் செய்தவர். உங்கள் தாத்தாமார் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவார்களே, பட்டுப் போன்ற அந்த வலைப்பை, அதுதான். அதை எரியவைக்கத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் என்ற தாது மணல் வேண்டும். மாண்டில் வியாபாரம் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், 1909-இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை இங்கே இழுத்து வந்தது என்று சொல்வார்கள். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், இப்போது கன்னியாகுமரி மாவட்டம்.

ஆக, விளக்குக்காகத் தோண்டிய மணல் அது. தோரியத்தை எடுத்தபின் மிஞ்சிய சீரியம், லந்தனம், நியோடிமியம் எல்லாம் அன்று உபரிதான். இன்று உபரிக்குத்தான் விலை. 1950-இல் தொடங்கிய இந்திய அருமண் நிறுவனம் மணவாளக்குறிச்சியில் இன்றும் மணலைப் பிரிக்கிறது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவதால் தனியார் கைக்குப் போகக் கூடாது. உங்கள் பேனாவின் நியோடிமியம் இங்கிருந்து போனது என்று நான் சொல்ல வரவில்லை. அது எங்கே பிறந்திருந்தாலும், அதன் உறவினர் நம் ஊர்க் கரையில் இருக்கிறார் என்கிறேன்.

இன்னொரு உறவும் உண்டு. வைப்பாறு, வேம்பார் பக்கம் கரையோரத்தில் சில நாள் மணல் மருதாணி இட்ட உள்ளங்கை போலச் சிவந்திருக்கும். அது கார்னெட். 2013-இல் அரசு தாது மணல் எடுப்பதை நிறுத்தியபோது உங்கள் வீட்டில் அந்தச் சொல் அடிபட்டிருக்கும். நம் கடற்கரைக் கார்னெட் இரும்பும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்தது. அதே படிக அமைப்பை வைத்துக்கொண்டு, இரும்பு இருந்த இடத்தில் இட்ரியத்தையும் சிலிக்கான் இருந்த இடத்தில் அலுமினியத்தையும் உட்காரவைத்தால் யாக் என்ற செயற்கைக் கார்னெட் கிடைக்கும். அதில் நியோடிமியம் கலந்து 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லேசர் செய்தார்கள். கண் மருத்துவமனையில் கண்புரை அறுவைக்குப் பிறகு படியும் சவ்வைத் திறக்கும் லேசர் அதுதான். உங்கள் ஆச்சிக்கு அது நடந்திருக்கலாம்.

அகச்சிவப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி எடுக்க வேறு வழியும் உண்டு. எர்பியம், இட்டெர்பியம் கலந்த படிகத்தில் ஒரே அணு முதல் ஃபோட்டானை வாங்கி ஒரு படி ஏறி நின்று, இரண்டாவதை வாங்கி அடுத்த படி ஏறி, அங்கிருந்து ஒரே தாவலில் பச்சையாக இறங்கும். ஆய்வகங்களில் அகச்சிவப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வைத்திருக்கும் அட்டைகளில் சில இந்த வகை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் அட்டை. உங்கள் பேனாவோடு அப்படி ஓர் அட்டையும் கொடுத்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

ஒளியின் அதிர்வெண்ணை முதலில் இரட்டித்துக் காட்டியது 1961-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய கூட்டாளிகளும். மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் விட்டார்கள். பாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளி ஒரு பொட்டாகப் படத்தட்டில் பதிந்தது. கட்டுரை அச்சுக்குப் போனபோது, அந்தப் பொட்டை யாரோ தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறது, அது காட்டும் இடம் வெறுமையாக இருக்கிறது.

அதே 1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. பத்துப் பாகம் ஆழத்தில் முத்துப்பாரிலிருந்து அள்ளிவந்த சிப்பியை அழுகவிட்டு, கழுவி, மிஞ்சிய மண்ணையும் சிப்பித்தூளையும்கூட விடாமல் சலித்தார்கள். பித்தளைச் சல்லடைகள் வரிசையாக இருக்கும், ஒன்றைவிட ஒன்றுக்குக் கண் சிறிது. பெரிய முத்து மேல் சல்லடையில் தங்கும், கடைசியில் மணல் போன்ற தூள்முத்தும் தனியே நிற்கும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்த எவரும் பொட்டைத் தூசி என்று தள்ளியிருக்க மாட்டார்கள். எதைத் தங்கவைப்பது, எதை விடுவது என்பதை அவர்கள் சல்லடைக் கண்ணிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

உங்கள் பேனாவிலும் அப்படி ஒரு சல்லடை இருக்க வேண்டும். பச்சையை மட்டும் விட்டு, அகச்சிவப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு கண்ணாடி. அகச்சிவப்பு வடிகட்டி. அது இல்லாவிட்டாலும் பச்சை வரும். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. மலிவாகச் செய்கிறவர் முதலில் மிச்சம் பிடிப்பது அதில்தான். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்து விஞ்ஞானிகள் சந்தையில் வாங்கிய ஒரு மலிவுப் பச்சை லேசரைச் சோதித்தார்கள். பச்சை மங்கலாக இருந்த அந்தப் பேனா 20 மில்லிவாட் அகச்சிவப்பை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

என் ஏப்ரல் மதியத்துக்கும் இதுதான் விளக்கம். டயோடின் அலைநீளம் சூட்டுக்கு நகரும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர். இருபது டிகிரி ஏறினால் ஆறு நானோமீட்டர். நியோடிமியமோ 808-ஐ ஒட்டித்தான் நன்றாக உறிஞ்சும். விலக விலகக் குறைவாக உறிஞ்சும். உறிஞ்சாத அகச்சிவப்பு எங்கே போகும்? வடிகட்டி இல்லாவிட்டால் நேராக வெளியே. ஆக, நம் ஊர் வெயிலில் பச்சை மங்குகிறது என்றால் பேனா ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சக்தி வேறு நிறத்தில் போய்க்கொண்டிருக்கலாம்.

கண்ணுக்கு இது ஏன் ஆபத்து? பச்சை பட்டால் கால் நொடியில் இமை மூடும். அகச்சிவப்புக்கு இமை மூடாது, ஏனென்றால் கண் எதையும் பார்க்கவில்லை. ஆனால் விழிவில்லை அதையும் பச்சையைப் போலவே குவித்து விழித்திரையில் கொண்டுபோய் வைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் ஒளி, விழித்திரையில் சுமார் 1 லட்சம் மடங்கு செறிவாகும். கடல் தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும். ஒரு பாகம் ஆழம் போவதற்குள் 808-இல் பெரும்பகுதி காணாமல் போகும், 1064 அதற்கு வெகு முன்பே போய்விடும். முத்துப்பாருக்கு இந்த ஆபத்து இல்லை. உங்கள் கண்ணுக்குள் இருப்பது ஓர் அங்குலத் தண்ணீர்கூட இல்லை.

சோதிக்க வேண்டுமா? சொல்கிறேன், ஆனால் ஆசிரியர் கையால், ஆசிரியர் முன்னால். பேனாவை அசையாமல் பிடிமானத்தில் கட்டுங்கள். ஒரு வெள்ளை அட்டையில் சிறு துளை போட்டு, அதன் வழியே ஒளி போய் 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் நேர்க்குத்தாக விழட்டும். எல்லாரும் அட்டைக்குப் பின்னால், பேனாவின் பக்கம் நில்லுங்கள். சிடியை யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. சிடியின் தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் விளிம்பு விளைவுக் கீற்றணி அதுதான். அட்டையில், துளையிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் ஒரு பச்சைப் பொட்டு விழும். 8.9-இல் இரண்டாவது பச்சைப் பொட்டு. இரண்டுக்கும் நடுவே, கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டரில், உங்கள் கண்ணுக்கு வெறும் அட்டை. அட்டையின் சிடியை நோக்கிய முகத்தைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவால் படம் எடுங்கள். அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்குமா என்று முதலில் டிவி ரிமோட்டை அமுக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். 6 சென்டிமீட்டரில் படத்தில் ஒரு பொட்டு இருந்தால், அதுதான் 808.

1064 எங்கே என்று கேட்பவனுக்கு முழு மதிப்பெண். அது 532-க்குச் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே அதன் முதல் பொட்டு, பச்சையின் இரண்டாம் பொட்டு விழும் அதே 8.9-இல்தான் விழும். பச்சைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். கேமராவும் அந்த அலைநீளத்தில் மந்தம். ஆகவே படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பேனா பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருத்தியாவது "சார், இந்தப் படிகத்தை யார் சார் செய்றாங்க?" என்று கேட்டால் எனக்கு அது போதும். யாக் படிகத்தை 1,900 டிகிரிக்கு மேல் உருக்கி, மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே இழுத்து வளர்க்கிறார்கள். அது பெரிய இடத்து வேலை. ஆனால் ஒளியை இரட்டிக்கும் படிகங்களில் கேடிபி (KTP) என்று ஒன்று இருப்பது போல KDP என்று இன்னொன்றும் உண்டு. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், தண்ணீரில் கரைத்து வளர்ப்பது. உப்பளத்தில் நடப்பதும் அதுதானே. பாத்தியில் தண்ணீர் மெதுவாக வற்றினால் கல் பெரிதாக, தெளிவாக விளையும். அவசரப்பட்டால் பொடியாகும். இந்த வித்தையைச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982 முதல் செய்துவருகிறது. அதைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் ராமசாமியும் அவருடைய சக ஆய்வாளர் சங்கரநாராயணனும் 2005-இல் கரைசலிலிருந்து படிகத்தை நாம் விரும்பும் ஒரே திசையில் வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால்தான் உலகம் அதை அழைக்கிறது. கரைவலையை ஒரே நேரத்தில் இழுப்பது பற்றிச் சொன்னேனே, அதற்கு ஏற்ற கோணத்தில் படிகம் வளர்ந்தே வந்தால் வெட்டி வீணாவது மிச்சம். நீங்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் படிகாரக் கரைசலை வைத்து, நூலில் ஒரு விதைப் படிகத்தைத் தொங்கவிட்டுத் தொடங்கலாம். இரண்டு வாரம் அதைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

கடைசியாக மூன்று விஷயம் கேட்கிறேன். வாகைக்குளம் பக்கம் இறங்கும் விமானத்தை நோக்கியோ, துறைமுகத்துக்குள் வரும் படகை நோக்கியோ இதை நீட்டாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பச்சை மற்ற நிறங்களைவிட அதிகம் கூசும், அங்கே ஓட்டுகிறவருக்கு அந்தச் சில நொடி திரும்பக் கிடைக்காது. தம்பி தங்கச்சி கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். மூன்றாவது சின்ன வேலை. பேனாவில் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கரால் 808 என்றும் 1064 என்றும் எழுதுங்கள். சீட்டு ஒட்டியவர் விட்டதை நீங்கள் எழுதி முடிக்கிறீர்கள். அடுத்த ஏப்ரலில் வெயிலேறி, பச்சை மங்கி, "இதுக்குச் சக்தியே இல்லை" என்று சொல்ல வாய் வரும்போது, அந்த இரண்டு எண்களும் உங்கள் கட்டைவிரலை ஒட்டியே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய இயற்பியல் வாத்தியார்
தூத்துக்குடி